கோட்டை முதலில் போட்டவர்: யெர்சி நெய்மன் (1894–1981)



சென்ற பொதுக்குழுவில் பல்பு விஷயம் எவ்வளவு நேரம் ஓடியது என்பது வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரிடாருக்கும் கார் பார்க்கிங்குக்கும் வாங்கிய எல்இடி பல்புகளில் 20-ஐ எடுத்து ஒரு மாதம் எரியவிட்டுப் பார்த்தோம். 3 போய்விட்டன. நூற்றுக்கு 5 போகலாம், அதற்கு மேல் போகாது என்பது விற்றவர் சொன்ன கணக்கு. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றது ஒரு தரப்பு. இருபதில் மூன்று தற்செயலாகவும் நடக்கலாம், பாவம் அவர் என்றது இன்னொரு தரப்பு. மணி பத்தாகியும் முடிவு வரவில்லை.

இரண்டு தரப்புமே எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் பேச ஆரம்பித்தோம் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்கு உறைத்தது. எத்தனை போனால் திருப்பி அனுப்புவது என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்திருந்தால் அந்தக் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த வேலையை ஒரு கணிதமாகவே ஆக்கிக்காட்டிய மனிதரைத்தான் இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

யெர்சி நெய்மன் 1894 ஏப்ரல் 16 அன்று பெண்டெரி என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசில் இருந்தது, இன்று மால்டோவாவில் இருக்கிறது. குடும்பம் போலந்துக் குடும்பம். அப்பா வக்கீல். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துவிட, அம்மா மகனுடன் கார்கிவ் நகரத்துக்குக் குடிபோனார். அங்கேயே 1912-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆசைப்பட்டது இயற்பியலுக்கு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கையாளும் கைப்பக்குவம் இல்லை. கணிதத்துக்கு மாறினார். உலகத்துக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதல் உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர் என்று அடுத்த சில வருடங்கள் போயின. உடம்பில் காசநோய் வேறு. 1920-இல் கல்யாணம் ஆயிற்று. கொஞ்ச நாளிலேயே போலந்துக்கும் சோவியத்துக்கும் நடந்த சண்டையில், எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1921-இல் இரு நாடுகளும் கைதிகளை மாற்றிக்கொண்டபோதுதான், தன் சொந்த நாடான போலந்தில் முதன்முதலாகக் கால் வைத்தார். வயது 27. பிட்கோஷ்ச் என்ற ஊரில் ஒரு வேளாண்மை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வயலில் எந்த விதை அதிகம் விளைகிறது என்று கணக்குப் பார்க்கும் வேலை. சுத்தக் கணிதம் படித்தவர் புள்ளியியலுக்கு வந்தது இப்படி வயிற்றுப்பாட்டுக்காகத்தான். 1924-இல் வார்சாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடுத்த வருடம் லண்டன். அந்தக் காலத்தில் புள்ளியியல் என்றால் யூனிவர்சிட்டி காலேஜில் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடம்தான். அங்கே போய்ப் பார்த்தால், தான் எதிர்பார்த்த நவீன கணிதம் இல்லை. நெய்மனுக்கு ஏமாற்றம். ஆனால் பெரியவரின் மகன் ஈகான் பியர்சன் அங்கே இருந்தார். நெய்மனைவிட ஒரு வயது இளையவர், கூச்ச சுபாவம், அப்பாவின் நிழலிலேயே வளர்ந்தவர். இந்த இருவரும் சேர்ந்ததுதான் கதையின் மையம்.

ஈகானை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் மற்றவர்களும் பலவிதமான சோதனைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு இடத்தில் இந்தச் சோதனையை ஏன் பயன்படுத்த வேண்டும், அதை ஏன் பயன்படுத்தக் கூடாது? ருசி பார்த்து உப்புப் போடுவது மாதிரி அவரவர் அனுபவத்தில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். 1926-இல் ஈகான் இதைப் பற்றி வில்லியம் கோசெட்டுக்கு எழுதினார். கோசெட் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதியவர், டி-சோதனை அவருடையதுதான். அவர் பதிலின் சாரம் இது. ஒரு கூற்று உண்மையாக இருந்தால் இப்படி நடப்பது அரிது என்பது மட்டும் அந்தக் கூற்றைத் தள்ளக் காரணமாகாது. நடந்ததை இன்னும் நன்றாக விளக்கும் வேறொரு கூற்று இருந்தால்தான் தள்ளலாம்.

இந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் பல வருடம் உழைத்தார்கள். நெய்மன் பாரிஸில் ஒரு வருடம் இருந்துவிட்டு வார்சாவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே பண முடை, நிரந்தர வேலை இல்லை, ஒரே நேரத்தில் பல இடங்களில் பாடம் எடுத்துப் பிழைப்பு. லண்டனுக்கும் வார்சாவுக்கும் இடையே கடிதம் போய் வந்துகொண்டே இருந்தது. 1928-இல் முதல் பெரிய கட்டுரை வந்தது. எல்லாம் தெளிவாகி வந்தது 1933-இல்.

அதில் இருப்பதை நம் பல்புகளை வைத்தே பார்த்துவிடலாம். 20 பல்பைச் சோதித்தால் 0 முதல் 20 வரை எத்தனை வேண்டுமானாலும் போகலாம். இந்த எண்களை வரிசையாக எழுதி நடுவே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள எண்கள் வந்தால் விற்றவரின் கூற்றைத் தள்ளிவிடுவோம். அந்தப் பக்கத்துக்குத்தான் நிராகரிப்புப் பகுதி என்று பெயர். இந்தப் பக்கம் விழுந்தால் தள்ளமாட்டோம். தள்ளவில்லை என்பதால் அவர் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, தள்ளப் போதுமான காரணம் இல்லை என்றுதான் அர்த்தம். இதைப் படித்தவர்களே அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

கோட்டை எங்கே போடுவது? இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம் என்றார்கள் நெய்மனும் ஈகானும். நல்ல சரக்கைத் திருப்பி அனுப்புவது முதல் வகைப் பிழை. மட்டமான சரக்கை வைத்துக்கொள்வது இரண்டாம் வகை.

4 அல்லது அதற்கு மேல் போனால் திருப்புவோம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 மட்டுமே போகும் நேர்மையான சரக்காக இருந்தால், அதைத் தவறாகத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. விற்றவருக்கு நியாயம்தான். ஆனால் உண்மையில் நூற்றுக்கு 20 போகும் மட்டமான சரக்காக இருந்தால்? அதுவும் நம் கோட்டைத் தாண்டாமல் தப்பிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 41. நமக்கு நியாயமில்லை. சரி, கோட்டை ஒரு படி நகர்த்தி, 3 போனாலே திருப்புவோம் என்போம். மட்டமான சரக்கு தப்பும் வாய்ப்பு 21 ஆகக் குறைகிறது. ஆனால் நல்ல சரக்கைத் திருப்பும் வாய்ப்பு ஏழரைக்கு ஏறிவிடுகிறது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று மேலே வருகிறது. அன்று கூட்டத்தில் இரண்டு தரப்பும் ஒவ்வொரு பிழைக்குப் பயந்து பேசினோம், அவ்வளவுதான். ஆளுக்கொரு பிழையைப் பிடித்துக்கொண்டு எதிராளியை அநியாயக்காரர் என்றோம்.

அவர்கள் செய்த வழி இது. முதல் வகைப் பிழைக்கு ஒரு உச்சவரம்பை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள். அந்த வரம்புக்குள் அடங்கும் நிராகரிப்புப் பகுதிகள் எத்தனையோ இருக்கும். அவற்றில் இரண்டாம் வகைப் பிழையை மிகக் குறைவாக்குவது எதுவோ அதை எடுத்துக்கொள். அதைக் கண்டுபிடிக்கும் முறையையும் நிரூபித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும், மட்டமான சரக்கில் அது வரும் வாய்ப்பு நல்ல சரக்கில் வரும் வாய்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். 2 பல்பு போவது நல்ல சரக்கில்தான் அதிகம் நடக்கும். 3 போவது மட்டமான சரக்கில் சுமார் மூன்றரை மடங்கு. 4 போவது 16 மடங்கு. மடங்கு பெரியதாக உள்ள எண்களிலிருந்து தொடங்கி, வரம்பு நிறையும் வரை பகுதிக்குள் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கோசெட்டின் கடிதத்தில் இருந்த யோசனை இங்கே ஒரு தேற்றமாகிவிட்டது.

1934-இல் ஈகான் பியர்சன் நெய்மனை லண்டனுக்கே வேலைக்கு அழைத்துக்கொண்டார். அதற்குள் கார்ல் பியர்சன் ஓய்வுபெற்று, அவர் துறை இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பாதி ஈகானிடம், மறுபாதி ரொனால்ட் ஃபிஷரிடம். ஃபிஷர் மகா மேதை, மகா கோபக்காரர். முதலில் நெய்மனிடம் நட்பாகத்தான் இருந்தார். 1935-இல் ராயல் புள்ளியியல் சங்கத்தில் நெய்மன் வாசித்த கட்டுரை ஃபிஷரின் வயல் சோதனை முறைகளைக் கேள்வி கேட்டது. அத்துடன் நட்பு முறிந்தது. ஃபிஷர் தன் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று வற்புறுத்தியதாகவும், தான் மறுத்ததாகவும் நெய்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரே கட்டடம், ஒரே தேநீர் அறை. ஒரு கோஷ்டி குடித்துவிட்டுப் போன பிறகுதான் மறு கோஷ்டி உள்ளே வரும். லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன!

ஆனால் சண்டை வெறும் ஆள் சண்டை இல்லை. சோதனை என்பது கையில் இருக்கும் இந்த ஒரு தரவு எவ்வளவு வலுவான சாட்சி என்று அளப்பது, அதில் விஞ்ஞானி தன் புத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஃபிஷர் கட்சி. இந்த ஒரு முறை நாம் சொன்னது சரியா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒரே விதியைத் தொடர்ந்து பின்பற்றினால் நீண்ட காலத்தில் எவ்வளவு அடிக்கடி தவறுவோம் என்று கட்டுப்படுத்தலாம் என்பது நெய்மன் கட்சி. அவருக்கு இது நம்பிக்கை பற்றிய விஷயமே இல்லை, நடத்தை பற்றியது. எனக்கு ஃபிஷர் பக்கமும் நியாயம் தெரிகிறது. கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் எண்ணும் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போன எண்ணும் நெய்மனின் விதிக்கு ஒன்றுதான். பரிசோதனைக்கூடத்தில் அது இடிக்கும். ஆனால் மாதாமாதம் சரக்கு வாங்கும் ஒரு சங்கத்துக்கு, பலர் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்துக்கு, நெய்மன் வழிதான் சரி என்பது என் அபிப்பிராயம். இன்று கல்லூரிகளில் இரண்டையும் கலந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இருவருமே அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த லண்டன் வருடங்களில் அங்கே ஆராய்ச்சி செய்த இந்தியர்களில் பி. வி. சுகாத்மே ஒருவர். நெய்மனின் மாதிரி எடுக்கும் முறையைப் படித்துக்கொண்டு ஊர் திரும்பி, நம் நாட்டில் பயிர் விளைச்சலை மதிப்பிடும் கணக்கெடுப்புகளில் பெரும் பங்காற்றினார்.

1938-இல் நெய்மன் அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். கடைசி வரை அதுதான் வீடு. அடுத்த வருடமே ஒரு வேடிக்கை நடந்தது. ஜார்ஜ் டான்சிக் என்ற மாணவர் வகுப்புக்குத் தாமதமாக வந்தார். கரும்பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று நினைத்து எழுதிக்கொண்டு போனார். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சில நாளில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவை அதுவரை யாரும் தீர்க்காத கணக்குகள் என்று பிறகுதான் தெரிந்தது. இதே கருதுகோள் சோதனை பற்றியவைதான் அவை. மாணவர் பதறிவிடாமல் நெய்மன் அதையே அவருடைய ஆய்வேடாக ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்று இவ்வளவு இனிப்பானது இல்லை. 1942-இல் டேவிட் பிளாக்வெல் என்ற இளைஞரை நெய்மன் நேர்காணல் செய்தார், மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் பிளாக்வெல் கருப்பினத்தவர் என்பதால் வேலை கொடுக்க விடவில்லை. நல்லதைத் திருப்பி அனுப்பும் பிழை. நெய்மன் மறக்கவில்லை. 1950களில் புள்ளியியலுக்குத் தனித் துறை அமைந்த சமயத்தில் பிளாக்வெல்லைக் கொண்டுவந்தார். தனக்குப் பின் அத்துறையின் தலைவராகவும் பிளாக்வெல் ஆனதைப் பார்த்தார்.

மேகத்தில் ரசாயனம் தூவி மழை வரவழைக்கும் திட்டங்களை எலிசபெத் ஸ்காட்டுடன் சேர்ந்து பல வருடம் சோதித்தார். எந்த மேகத்தில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்ய வேண்டும், பெய்த மழையைப் பார்த்துவிட்டுக் கணக்கை வளைக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். 1968-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலவில்லை. 1981 ஆகஸ்ட் 5 அன்று ஓக்லாந்தில் 87-ஆவது வயதில் காலமானார். ஈகான் பியர்சன் அதற்கு முந்தைய வருடம் போயிருந்தார்.

நம் பல்புக்கு வருகிறேன். பழைய மூன்றையும் விற்றவர் மாற்றிக் கொடுத்துவிட்டார், அதோடு அதை விட்டுவிட்டோம். அடுத்த சரக்குக்கு 50 பல்பைச் சோதிப்பதாக நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. 6 அல்லது அதற்கு மேல் போனால் மொத்தமும் திரும்பிவிடும், 5 வரை என்றால் பேச்சில்லை. 50 என்று வைத்ததால் இரண்டு பிழைகளும் நூற்றுக்கு 5-க்குள் அடங்குகின்றன. விற்றவரிடம் பெட்டி பிரிக்கும் முன்பே கையெழுத்து வாங்கி மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டியாயிற்று. பல்புகள் இப்போது கிளப் ஹவுஸில் எரிந்துகொண்டிருக்கின்றன. மாதக் கடைசி வரை மின்சாரம் வீணாகிறதே என்று யாரும் தயவுசெய்து ஸ்விட்சை அணைத்துவிட வேண்டாம்.