வெறுங்கால் வீரர் சிவதாஸ் பாதுரி

விளையாட்டு என்றவுடன் வெற்றிக் கோப்பையும் கைதட்டலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமக்குக் கிடைக்கவிருந்த கைதட்டலைத் தம் தோழருக்குக் கொடுத்து மகிழ்ந்த தலைவர் ஒருவர் இருந்தார். வங்கம் தந்த கால்பந்து வீரர் சிவதாஸ் பாதுரியே அவர். அவருடைய வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

1887-ஆம் ஆண்டு பிறந்த சிவதாஸ், கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்காக ஆடினார். அக்காலத்தில் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் வாரச் சம்பளம் பெற்று ஆடினர். நம் நாட்டவர்க்கு அவ்வசதி ஏது? சிவதாஸ் கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றிக்கொண்டே பந்தாடினார். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து வந்து, களைப்பையும் பாராமல் மைதானத்தில் இறங்கும் நம் தந்தையரும் தமையன்மாரும் அதன் அருமையை நன்கு அறிவர்.

மெலிந்த உடல்; மின்னல் போன்ற கால்கள். இடது ஓரத்தில் பந்துடன் அவர் புறப்பட்டால், எதிரணியின் பிடியில் அகப்படாமல் மீன் போல நழுவிச் செல்வார். அவர் அருகிலேயே அண்ணன் விஜயதாஸ் ஆடினார். 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை மோகன் பகான் வென்றது. ஆயினும் 1893-இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. கேடயம் மட்டும் எந்த இந்திய அணிக்கும் எட்டாக் கனியாகவே இருந்தது. ஆங்கிலேயப் பட்டாளத்தாரை வெல்ல இந்தியரால் இயலாது என்றே பலர் எண்ணினர்.

1911-இல் சிவதாஸ் தலைமையில் அணி களமிறங்கியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்தவர் ஒருவரே. அவர் ரெவரெண்ட் சுதிர் சாட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர். இந்துக்களும் கிறிஸ்தவரும் தோளோடு தோள் நின்று ஆடிய அணி அது. புனித சவேரியார் கல்லூரி அணி, ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேடு ஆகியவற்றை வென்று முன்னேறினர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையுடன் 1-1 எனச் சமன். மறு ஆட்டத்தில் 3-0 என வெற்றி!

இறுதி ஆட்டம் ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்ஷயர் படையுடன் நடந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். ரயிலிலும் நீராவிப் படகிலும் வெளியூர்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். மைதானத்தை நெருங்க முடியாதவர்களுக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு ஆட்ட நிலையை அறிவித்தனர்.

முதல் கோலைப் போட்டது பட்டாள அணி. கூட்டம் வாடியது, சிவதாஸ் வாடவில்லை. சிறிது நேரத்தில் தாமே பந்தைக் கொண்டு சென்று கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மீண்டும் பந்து அவர் காலுக்கு வந்தது. எதிரிகள் அவரையே சூழ்ந்தனர். இரண்டாவது கோலையும் தாமே போட அவர் ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் பந்தை அபிலாஷ் கோஷுக்குத் தந்தார். அபிலாஷ் அதை வலைக்குள் செலுத்தினார். 2-1! கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது. 1905-இல் வங்கப் பிரிவினையால் நொந்திருந்த மக்கள் நெஞ்சம் நிமிர்ந்தனர்.

சிவதாஸ் 1932-இல் மறைந்தார். ஆனால் அவர் புகழ் மறையவில்லை. ஜூலை 29-ஐ மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

மாணவியரே! தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் நாம் இந்த எல்லைப் பகுதியில் ஒரே வகுப்பில் அமர்கிறோம். ஒரே அணியில் ஆடுகிறோம். இறைவன் நமக்குத் தந்த தாலந்து நமக்கு மட்டும் உரியதன்று. கணக்கு தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லித் தருவதும், வேகமாக ஓடுபவள் வாய்ப்புள்ள தோழிக்குப் பந்தைத் தருவதும் ஒரே பண்பின் இரு முகங்கள். பந்தைத் தம்மிடமே வைத்திருந்தால் சிவதாஸ் அன்று தோற்றிருக்கவும் கூடும். கொடுத்தார், நாடே வென்றது. நாமும் கொடுக்கக் கற்போம்.