வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கிய விஸ்வேஸ்வரையா

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் திருகோணமலை மாவட்ட மக்களின் கவனம் வானத்தின் மீது மட்டுமன்றி, மேட்டுநிலத்திலுள்ள குளக்கட்டுகளின் மீதும் திரும்புவது வழமை. அந்த அச்சம் காரணமற்றதன்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருக்கெடுத்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. மூதூர்ப் பகுதி மக்கள் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி இடம்பெயர்ந்தனர். உள்நாட்டில் பெய்யும் மழை கடலைச் சேருமுன் சல்லி, கிண்ணியா, மூதூர் போன்ற கரையோர ஊர்களின் தாழ்நிலத்தைத் தாண்டியே செல்ல வேண்டியிருக்கிறது. மேலே நீர் தடுத்து நிறுத்தப்படாவிடில் கீழே வாழ்வோருக்குப் பாதுகாப்பில்லை. இந்த உண்மையை ஒரு பெருநகரத்தில் செய்து காட்டியவர் பொறியியலாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரையா.

இன்றைய கர்நாடகத்தின் முத்தெனஹள்ளிக் கிராமத்தில் 1861 செப்டெம்பர் 15ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை சமஸ்கிருதப் பண்டிதர். இளவயதிலேயே தந்தையை இழந்த அவர், வறுமைக்கிடையே பெங்களூரில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் பூனாவில் பொறியியல் கற்று, 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். 1903இல் பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் அவர் வடிவமைத்த தானியங்கி வான்கதவுகள் பொருத்தப்பட்டன. நீர்மட்டம் எல்லையை மீறியதும் தாமாகத் திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்ளும் அக்கதவுகள் அணையை உயர்த்தாமலேயே கூடுதல் நீரைச் சேமிக்க உதவின.

1908இல் அவர் அரச சேவையிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி ஹைதராபாத் நகரை ஊடறுத்துப் பாயும் மூசி ஆறு கரைபுரண்டது. பாலங்கள் அள்ளுண்டு போயின. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. மாண்டோர் தொகை 15,000 வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டது. அப்சல்கஞ்ச் பகுதியில் ஒற்றைப் புளியமரத்தில் ஏறிய ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர் என்பது அந்நகரில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஹைதராபாத்தை ஆண்ட நிஸாம் மஹ்பூப் அலி கானின் அரசு விஸ்வேஸ்வரையாவை அழைத்தது. வெளிநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய அவர் 1909இல் பொறுப்பேற்றார். ஆற்றங்கரையில் சுவர் எழுப்புவதோடு அவர் நின்றுவிடவில்லை. நீர் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிச் சென்றார். மூசியின் நீரேந்துப் பரப்பில் சுமார் 800 குளங்கள் இருந்தன. பெருமழையில் அவற்றுள் 200க்கு மேற்பட்டவை உடைந்திருந்தன. மேற்குளம் உடைந்த நீர் கீழ்க்குளத்தையும் உடைத்து, மழைவெள்ளம் பன்மடங்காகி நகரை வந்தடைந்தது. எனவே நகருக்கு மேலே மூசியிலும் அதன் கிளையாறான ஈசாவிலும் வெள்ளத்தைத் தாங்கும் நீர்த்தேக்கங்களை அமைக்குமாறு அவர் பரிந்துரைத்தார். வரும் வெள்ளத்தை அங்கே தடுத்து, ஆறு தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுவதே திட்டத்தின் சாரம்.

மஹ்பூப் அலி கான் 1911இல் காலமானார். அவரது மகன் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சியில் திட்டம் நிறைவேறியது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இல் முடிந்தது. ஈசாவின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இல் முடிந்தது. அதன் பணியை நிறைவேற்றியவர் நவாப் அலி நவாஸ் ஜங் என்ற பொறியியலாளர். இந்துப் பொறியியலாளரின் திட்டமும் முஸ்லிம் மன்னரின் ஆதரவும் முஸ்லிம் பொறியியலாளரின் உழைப்பும் சேர்ந்தே அந்நகரைக் காத்தன. அவ்விரு நீர்த்தேக்கங்களும் பல தலைமுறைகளுக்குக் குடிநீரும் தந்தன.

விஸ்வேஸ்வரையா 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார். காவிரியில் எழுந்த கிருஷ்ணராஜ சாகர் அணையும் 1916இல் உருவான மைசூர்ப் பல்கலைக்கழகமும் அவர் பெயரோடு இணைந்தவை. எழுபது வயதைத் தாண்டிய பின்னரும், 1937இல் ஒரிஸாவின் மகாநதி வெள்ளத்தைத் தடுக்க நீர்த்தேக்கங்கள் தேவையென அறிக்கை அளித்தார். 1955இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரல் 14ஆம் திகதி அவர் காலமானார்.

அவரது திட்டத்தில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது. வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கம், வெள்ளம் வருமுன் ஓரளவு வெறுமையாக இருக்க வேண்டும். விவசாயியும் குடிநீர் அதிகாரியும் குளம் நிரம்பியிருப்பதையே விரும்புவர்; அவர்களது தேவையும் நியாயமானதே. ஆயினும் விளிம்புவரை நிரம்பிய குளம் அடுத்த பெருமழையைத் தாங்காது. திறக்கப்படும் நீர் செல்ல ஆற்றுக்கும் இடம் வேண்டும். 2025 செப்டெம்பரில் அவ்விரு நீர்த்தேக்கங்களின் கதவுகளும் திறக்கப்பட்டபோது மூசிக் கரையிலுள்ள பேருந்து நிலையம் நீரில் மூழ்கியது. ஆற்றுப்படுகையைக் கட்டடங்கள் ஆக்கிரமித்த நகரில் அணை மட்டும் போதாது.

நமது மாவட்டத்துக்கும் இது பொருந்தும். மேட்டுநிலச் சிறுகுளங்களைத் தூர்வாருவது, குளக்கட்டுகளைக் கோடையிலேயே பரிசோதிப்பது, மழைக்கு முன் நீர்மட்டத்தைக் குறைப்பது, களப்புகளையும் ஆற்று முகங்களையும் நிரப்பாமல் விடுவது ஆகிய நான்கும் பெருஞ்செலவு கோருபவையல்ல. நீர்ப்பாசனத் திணைக்களமும் விவசாய அமைப்புகளும் கரையோர மக்களும் பருவமழைக்கு முன்பே ஒன்றாக அமர்ந்து இவற்றை முடிவுசெய்ய வேண்டும்.