ஓட்டத்தை நிறுத்திப் பார்த்த டூரிங்



இரண்டாம் ஆண்டு சி லேபில் ஃபாக்டோரியல் புரோகிராம் எழுதினேன். 5 கொடுத்தா 120 வரணும். எனக்கு வந்ததோ 0. ஒரு மணி நேரம் தலையைப் பிய்ச்சுக்கிட்டேன். கடைசியில் சீனியர் ஒருத்தர் வந்து லூப்புக்குள் ஒரு பிரேக்பாயின்ட் வைத்தார். ஓடின புரோகிராம் டக்கென்று நின்றது. விடையை வைக்கும் வேரியபிளில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0! அன்றைக்குத்தான் ஆலன் டூரிங்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

டூரிங் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம கோவைக்குப் பக்கத்தில், போத்தனூரில்!

1936-ல், எந்த இயந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதைப் போலவே நடக்கும் ஒரு பொது இயந்திரத்தைக் காகிதத்தில் படைத்தார். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உழைத்தார். 1945-ல் ஏஸ் கணினிக்குத் திட்டம் தீட்டினார். ஒரு சப்ரூட்டீனுக்குள் போகும் முன் திரும்ப வேண்டிய இடத்தைப் புதைத்து வைப்பது, முடிந்ததும் தோண்டி எடுத்துத் திரும்புவது என்ற முறை அதிலேயே இருந்தது.

1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில், பெரிய புரோகிராமைச் சரிபார்ப்பது எப்படி என்று பேசினார். ஒவ்வொரு இடத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வை என்பதுதான் சாரம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஃபாக்டோரியல்தான்!

1951-ல் ஃபெரான்டி மார்க் 1 கணினிக்குக் கையேடு எழுதினார். அதில் போலி நிறுத்தக் கட்டளைகள் உண்டு. கன்சோலில் சுவிட்சைப் போட்டால் அந்தக் கட்டளை வந்ததும் மெஷின் நிற்கும். போடாவிட்டால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நின்றதும் திரையில் தெரியும் புள்ளிகளைப் படித்துப் பார்க்கலாம். கன்ட்ரோல் மனிதன் கையில்!

இன்றைய டிபக்கரும் இதைத்தான் செய்கிறது. இன்டெல் வகைப் பிராசசரில், நிறுத்த வேண்டிய இடத்தில் உள்ள பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு 204 என்ற எண்ணைப் போடும். பிராசசர் அதைத் தொட்டதும் கன்ட்ரோல் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போகும். அது புரோகிராமை நிறுத்தி டிபக்கரை எழுப்பும். நாம் பார்த்து முடித்ததும், டிபக்கர் பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரு அடி பின்னால் தள்ளி, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட விடும். பிறகு மறுபடி 204-ஐப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். புரோகிராமுக்குத் தான் நின்றதே தெரியாது!

1952-ல், ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக டூரிங்கை நீதிமன்றம் தண்டித்தது. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. வந்து என்ன பயன்?

நண்பர்களே, புரோகிராமை நிறுத்த டிபக்கர் போதும். நின்ற இடத்தில் என்ன இருக்கணும் என்று நமக்குத் தெரியாவிட்டால், கன்ட்ரோல் கைக்கு வந்தும் சும்மா வேடிக்கைதான் பார்ப்போம். இப்போதெல்லாம் லேபில் கீபோர்டைத் தொடும் முன், அந்த மதிப்பை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நீங்களும் எழுதிப் பாருங்களேன்!

– இறுதியாண்டு மாணவன், கணினித் துறை