மூஸ் கிராமத்துப் பள்ளிப் பிள்ளை

கார் நிக்கோபார் தீவில் உள்ளது மூஸ் கிராமம். 1890-களில் அங்கே ஒரு தமிழர் போய்ச் சேர்ந்தார். பெயர் வேதப்பன் சாலமோன்.

அரசாங்க ஏஜெண்டு, கிறிஸ்தவ உபதேசியார், பள்ளி ஆசிரியர் ஆகிய மூன்று வேலைகளையும் அவர் ஒருவரே பார்த்தார். அந்தத் தீவு மக்களின் மொழிக்கு அப்போது எழுத்து வழக்கம் இல்லை. தென்னையும் கடலும்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார்.

அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்.

பர்மாவில் படிப்பு

சிறுவனின் படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்று சாலமோன் நினைத்தார். கடல் கடந்து பர்மாவில் மாண்டலே நகருக்கு அனுப்பினார். ஊரையும் உறவையும் பிரிந்து, அன்னிய ஊரில் ஆண்டுக்கணக்கில் படித்தார் ரிச்சர்ட்சன்.

1912-ல் ஊர் திரும்பினார். அப்போது சாலமோன் உயிருடன் இல்லை. குரு விட்ட இடத்தில் மாணவர் ஆசிரியராக அமர்ந்தார்.

தம் தாய்மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இளைஞர்களுக்குக் கால்பந்தும் கற்றுக் கொடுத்தார்.

1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் பிடியில் இருந்தது. உளவாளிகள் என்று சந்தேகித்துப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு உயிர் தப்பினார்.

டெல்லி வரை

1950-ல் பிஷப் ஆனார். 1952-ல் அந்தமான்-நிக்கோபார் தீவுகளின் முதல் பாராளுமன்ற உறுப்பினராக ஜனாதிபதி அவரை நியமித்தார். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. 1978-ல் காலமானார்.

இடையில் நின்றிருந்தால்?

தோப்பில் வேலை இருக்கிறது என்று அந்தச் சிறுவனை நிறுத்தியிருந்தால், வீட்டுக்கு இரண்டு கை கூடியிருக்கும். தீவு ஒரு தலைவரை இழந்திருக்கும்.

கூலி வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறோம். பள்ளி நடக்கும்போதே ஊர்த் திருவிழாவுக்குக் கப்பல் ஏறுகிறோம். சென்னைக்குப் போக மூன்று நாள், வர மூன்று நாள், அங்கே தங்கும் நாள். ஒரு மாதப் பாடம் போய்விடுகிறது.

இன்று விட்ட கணக்கு புரியாததால் நாளைக் கணக்கும் புரியாது. வகுப்பில் விழிக்கும் பிள்ளைக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால் பள்ளிக்கூடம் கசக்கும். படிப்பு நிற்பது இப்படித்தான்.

எழுத்தே இல்லாத ஊரில் ஒரு தமிழர் தொடங்கி வைத்த படிப்பு டெல்லிப் பாராளுமன்றம் வரை சென்றது. இன்று நம் வீட்டருகே பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் மணி அடிக்கும்போது நம் பிள்ளை அங்கே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.