புயலில் வேலை போனால் உதவித்தொகை: அமெரிக்காவில் அடித்தளம் போட்ட ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் யார்?

அமெரிக்காவில் ஒரு பெரும் புயல். ஹோட்டல் மூழ்கிவிட்டது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் வழக்கமான வேலையின்மை காப்பீட்டில் வாராவாரம் பணம் கேட்கலாம். சரி, படகு உடைந்த மீனவர்? வயலை இழந்த விவசாயி? சொந்தமாக டாக்ஸி ஓட்டுபவர்? இவர்களுக்குத் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. பெயர், பேரிடர் வேலையின்மை உதவி.

ஒரே புயலுக்கு எதற்கு இரண்டு திட்டம்? அதைப் புரிந்துகொள்ள ஃபிரான்சிஸ் பெர்கின்ஸின் கதை தெரியணும்.

கண்முன் நடந்த தீ விபத்து

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர் பெர்கின்ஸ். கல்லூரியில் படிக்கும்போதே பாடத்துக்காக ஆலைகளுக்குள் போய், தொழிலாளர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் தெரிந்தவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே தீயணைப்பு வண்டிகளின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், டிரையாங்கிள் ஆடை தொழிற்சாலை எரிகிறது. ஒரு கதவு பூட்டிக்கிடக்க, தப்ப வழியில்லாமல் இளம்பெண்கள் மாடி ஜன்னல்களிலிருந்து குதிக்கிறார்கள். அன்று இறந்தவர்கள் 146 பேர்.

அந்தக் காட்சிதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக நியூயார்க்கில் வருடக்கணக்கில் வேலை செய்தார்.

பதவிக்கு முன்பே நிபந்தனை

1933. அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. புதிய அதிபர் ரூஸ்வெல்ட், பெர்கின்ஸைத் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தார். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. குறைந்தபட்சக் கூலி, முதியோர் ஓய்வூதியம், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையின்மை காப்பீடு என ஒரு பட்டியலை முன்வைத்தார். இதற்கெல்லாம் ஆதரவு உண்டென்றால்தான் வருவேன் என்பது நிபந்தனை. ரூஸ்வெல்ட் ஒத்துக்கொண்டார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண் ஆனார் பெர்கின்ஸ்.

அடுத்த சிக்கல், நீதிமன்றம். சட்டம் போட்டாலும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிடுமோ என்ற பயம். ஒரு தேநீர் விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோனிடம் இந்தக் கவலையைச் சொன்னார். வரி போடும் அதிகாரத்தைப் பயன்படுத்தினால் போதும் என்று அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வழியில்தான் சட்டம் எழுதப்பட்டது. முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து நிதி, நடத்துவது மாநிலங்கள்.

1935 ஆகஸ்ட் 14-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அதே நாளில் பெர்கின்ஸுக்கு இன்னொரு செய்தி: மனநல பாதிப்பில் இருந்த கணவரைக் காணவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவரைத் தேடி நியூயார்க்குக்கு ரயில் ஏறினார்.

யாரெல்லாம் விடுபட்டார்கள்?

சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். வேலையின்மை காப்பீட்டில் பண்ணைத் தொழிலாளர்கள் இல்லை. வீட்டுவேலை செய்பவர்கள் இல்லை. சுயதொழில் செய்பவர்களும் இல்லை. இவர்களிடம் வரி வசூலிப்பது கஷ்டம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இந்த வேலைகளில்தான் இருந்தார்கள். அதனால் இதில் இனப்பாகுபாடும் கலந்திருந்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர்.

இதில் கொடுமை என்னவென்றால், அதே வருடங்களில்தான் ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பகுதிகளில் வறட்சியும் புழுதிப்புயலும் நிலத்தின் மேல்மண்ணையே வாரிக்கொண்டு போயின. விவசாயக் குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பி, கலிஃபோர்னியா தோட்டங்களில் கூலிக்குப் போயின. தற்காலிக நிவாரண வேலைகள் சிலருக்குக் கிடைத்தன. ஆனால், இயற்கையிடம் நேரடியாக அடிவாங்கிய இவர்களுக்குக் காப்பீடு இல்லை.

1945 வரை, 12 வருடம் அமைச்சராக இருந்தார் பெர்கின்ஸ். 1939-ல் அவரைப் பதவிநீக்கம் செய்யக் கோரிய தீர்மானம் தோற்றது. கடைசிக் காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965 மே 14-ல் மறைந்தார். பெரிய பண்ணைகளின் தொழிலாளர்களைக் காப்பீட்டில் சேர்க்க 1976-ல்தான் சட்டம் வந்தது.

ஓட்டையை அடைத்த திட்டம்

அவர் மறைந்த பிறகு வந்த 1970, 1974 பேரிடர் நிவாரணச் சட்டங்கள் விடுபட்டவர்களைக் கணக்கில் எடுத்தன. இன்றைய நடைமுறை இதுதான்:

• வழக்கமான காப்பீடு கிடைக்காதவர்களுக்கு மட்டும். விவசாயி, மீனவர், சுயதொழில் செய்பவர் எல்லோரும் இதில் வருவார்கள்.
• பேரிடரால்தான் வேலையோ வருமானமோ போனது என்று காட்ட வேண்டும்.
• பேரிடரில் குடும்பத் தலைவர் இறந்து, குடும்பப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தாலும் விண்ணப்பிக்கலாம்.
• பேரிடர் அறிவிக்கப்பட்டதிலிருந்து அதிகபட்சம் 26 வாரம்.

2005-ல் கத்ரினா புயலுக்குப் பிறகு, இந்த 26 வாரம் போதாது என்று கூடுதலாக 13 வாரம் கொடுத்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, ஃப்ரீலான்சர்களுக்கும் ஆப் மூலம் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் கொடுத்த உதவி இந்தத் திட்டத்தை மாதிரியாக வைத்தே உருவானது.

ஒரு முக்கியமான வித்தியாசம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. சம்பளக்காரருக்குக் காப்பீடு எப்போதும் உண்டு. விடுபட்டவர்களுக்கோ, அதிபர் அதைப் பெரும் பேரிடர் என்று அறிவித்தால்தான் உதவி. அறிவிப்பு வராத சின்ன வெள்ளத்தில் படகை இழந்த மீனவர், 1935-ல் நின்ற அதே இடத்தில்தான் இன்றும் நிற்கிறார்.