நீர்மின்சாரத்தைத் திட்டமிட்ட பொறியியலாளர்: டி. ஜே. விமலசுரேந்திர

மாணவர்களே! ஓப்பநாயக்கவுக்கு ஒரு காலத்திற் புகையிரதம் வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். களனிவெளிப் புகையிரதப் பாதை 1912 இல் இரத்தினபுரி வரையும் 1919 இல் ஓப்பநாயக்க வரையும் நீட்டப்பட்டது. தேயிலைப் பெட்டிகளும் இறப்பரும் கொழும்புத் துறைமுகத்துக்குச் செல்ல அந்தச் சிறிய பாதை உதவியது. 1970களில் இப்பகுதி மூடப்பட்டது. பாதை, பாலம், அணைக்கட்டு, மின்நிலையம் ஆகிய பொது வசதிகள் அனைத்தும் எவரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டதால் வந்தவை. கணக்குப் போட்டவருடைய பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. அவ்வாறு கணக்குப் போட்ட ஒருவரின் பெயர் மாத்திரம் நிலைத்திருக்கின்றது. அவரே டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். “இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை” என்று பாடநூல்கள் இவரைக் குறிப்பிடும். அந்த ஒரு வரியை மனனம் செய்தால் ஒரு புள்ளி கிடைக்கலாம். ஆனால் அவர் என்ன செய்தார், ஏன் அது நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது என்பதைத் தெரிந்துகொண்டால் கட்டுரை வினாவுக்கும் விடை எழுதலாம்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874 செப்டெம்பர் 17 ஆம் திகதி காலியிற் பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் கல்வி கற்று, பின்னர் பொதுவேலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அத்திணைக்களத்தின் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கே உரியவை என்ற நிலை இருந்தது. அந்த நிலையிலும் இவர் குடிசார் பொறியியலில் தேர்ந்து, இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் கற்றுத் திரும்பினார். ஒருவரே இரண்டு துறைகளையும் அறிந்திருந்தமை பின்னாளிற் பெரிதும் பயன்பட்டது. அணை கட்டுபவருக்கு மின்சாரம் தெரியாது, மின்சாரம் தெரிந்தவருக்கு மலையும் ஆறும் தெரியாது என்றிருந்தால் இப்படிப்பட்ட திட்டம் அவர் காலத்தில் உருவாகியிருக்காது.

இளம் வயதில், களனி கங்கையின் மேற்பகுதியில் தங்கம் இருக்கின்றதா என்று ஆராய அனுப்பப்பட்டபோதுதான் இவர் மலைநாட்டின் நீர்வீழ்ச்சிகளைக் கண்டார் என்று சொல்லப்படுகின்றது. அங்கு மஸ்கெலி ஓயாவில் 126 மீற்றர் உயரமான லக்சபான நீர்வீழ்ச்சி உண்டு. கெஹெல்கமு ஓயாவில் 98 மீற்றர் உயரமான அபர்டீன் நீர்வீழ்ச்சி உண்டு. இவ்விரண்டு ஓயாக்களும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. மற்றவர்கள் அழகைப் பார்த்த இடத்தில் இவர் உயரத்தையும் நீரின் அளவையும் பார்த்தார்.

இங்கே சற்று நில்லுங்கள். விஞ்ஞான பாடத்தில் அழுத்த சக்தி என்று படிக்கின்றீர்கள் அல்லவா? அதுவே இத்திட்டத்தின் உயிர். ஒரு கன மீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். அந்த அளவு நீர் ஒவ்வொரு செக்கனும் 450 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 4400 கிலோவாற்று வலு கிடைக்கும். உராய்வு, இயந்திர இழப்பு என்பவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 3500 கிலோவாற்று மிஞ்சும். அப்படியானால் 25,000 கிலோவாற்று பெறுவதற்குச் செக்கனுக்கு எவ்வளவு நீர் தேவை? நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 7 கன மீற்றர். 450 மீற்றர் என்ற உயரத்தை நான் சும்மா எடுக்கவில்லை. பழைய லக்சபான மின்நிலையத்துக்கு நீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ அவ்வளவே.

ஆனால் ஓயாவில் ஆண்டு முழுவதும் ஒரே அளவு நீர் ஓடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் புரளும். ஜனவரி முதல் மார்ச் வரை கல் தெரியும். தோட்டத்தில் வாழும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே நீர்மின்சாரம் திட்டமிடுபவர் பல ஆண்டுகளின் மழைவீழ்ச்சியையும் ஓயாவின் நீரோட்டத்தையும் கணக்கெடுக்க வேண்டும். எங்கே அணை கட்டலாம், எவ்வளவு நீரைத் தேக்கலாம், சுரங்கம் எந்தப் பாறையினூடாகச் செல்லும் என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, கிடைக்கும் மின்சாரத்தை வாங்கப் போவது யார் என்ற கேள்வியும் உண்டு. இக்கடைசிக் கேள்விதான் விமலசுரேந்திரவை மற்றைய பொறியியலாளர்களிடமிருந்து வேறுபடுத்துகின்றது என்பது எனது கருத்து.

முதலில் அவர் சிறிதாகச் செய்து காட்டினார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறிய நீர்மின்நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தார். தேயிலைத் தோட்டங்களும் அக்காலத்தில் ஓடை நீரால் விசையாழி சுழற்றித் தொழிற்சாலைகளை இயக்கி வந்தன. ஆகவே நீரிலிருந்து மின்சாரம் என்பது இலங்கைக்குப் புதினம் அன்று. நாடு முழுவதற்கும் போதுமான அளவில் அதைச் செய்யலாம் என்பதே புதினம்.

1918 ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியற் சங்கத்தில், இலங்கையில் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி ஓர் ஆய்வுரையை விமலசுரேந்திர சமர்ப்பித்தார். “பொருளாதாரம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். அணை எப்படிக் கட்டுவது என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து நிலக்கரியும் எண்ணெயும் வாங்குவதற்குப் போகும் பணத்தை மிச்சப்படுத்தலாம், கைத்தொழில்களைத் தொடங்கலாம், புகையிரதத்தையும் மின்சாரத்தால் ஓட்டலாம் என்று அவர் வாதிட்டார். கொழும்பில் 1895 இல் மின்விளக்கு எரியத் தொடங்கியிருந்த போதிலும், 1918 இல் நாட்டின் மிகப் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இருக்கவில்லை. வாங்குவோர் இல்லாத காலத்தில், இனி வரப்போகும் வாங்குவோரைக் கணக்கிற் சேர்த்தார். இன்று இதனை மின்கேள்வி எதிர்வுகூறல் என்பர்.

குடியேற்ற அரசாங்கம் என்ன செய்தது? முதலில் தயங்கியது. இவ்வளவு மின்சாரத்தை இந்தச் சிறிய நாடு என்ன செய்யப் போகின்றது என்பதே அதிகாரிகளின் கேள்வி. நிலக்கரி, எண்ணெய் வியாபாரத்திற் பங்குள்ளோர் திட்டத்தை விரும்பவில்லை என்று கருதுவோரும் உள்ளனர். 1920களில் வேலை தொடங்கப்பட்டுப் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அதற்குள் செலவழித்த பணம் வீண் என்று திட்டத்தையே குறை கூறினர். பாதியில் நிறுத்திவிட்டு, பயன் இல்லை என்று சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள்! 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நிலைமையை மேலும் மோசமாக்கியது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற விமலசுரேந்திர வீட்டில் இருக்கவில்லை. வரலாறு பாடத்தில் டொனமூர் அரசியலமைப்பைப் படித்திருப்பீர்கள். 1931 இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் அவர் போட்டியிட்டு வெற்றி பெற்றார். எந்தத் தொகுதியில் என்று தெரியுமா? நமது மாவட்டத்தின் இரத்தினபுரித் தொகுதியில்! கோவையில் தூங்கிய திட்டத்தைச் சபையில் எழுப்புவதற்காகவே ஒரு பொறியியலாளர் அரசியலுக்கு வந்தார் எனலாம். டொனமூர் முறையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தமையும், பணம் தொடர்பான அதிகாரம் ஆங்கிலேய அதிகாரியான நிதிச் செயலாளரிடம் இருந்தமையும் நினைவிற் கொள்க. சபையில் எவ்வளவு பேசினாலும் பணப்பெட்டியின் திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தது. 1935 இல் அச்சபை முடிவுற்றபோதும் லக்சபான நிறைவேறவில்லை.

1936 முதல் போக்குவரத்து, வேலைகள் அமைச்சராக இருந்த ஜோன் கொத்தலாவல திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. கடைசியில் சுதந்திரத்தின் பின்னர், 1950 ஆம் ஆண்டில் 25 மெகாவாற்றுக் கொள்ளளவுடன் லக்சபான மின்நிலையத்தின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரைக்கு 32 ஆண்டுகளின் பின்னர்! அப்போது விமலசுரேந்திரவுக்கு வயது 76. 1953 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அவர் காலமானார்.

அவருடைய மறைவின் பின்னர் திட்டம் படிப்படியாக விரிந்தது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாற்று மின்நிலையம் அமைந்தது. அதற்கே விமலசுரேந்திர மின்நிலையம் என்று பெயர். காசல்ரீ நீர் முதலில் அந்நிலையத்தையும், பின்னர் பழைய லக்சபானவையும், அதன்பின் 1969 இல் அமைந்த பொல்பிட்டிய நிலையத்தையும் சுழற்றிவிட்டே களனியிற் சேருகின்றது. ஒரே நீர் மூன்று முறை உழைக்கின்றது.

ஆனால் இந்த உழைப்பின் விலையையும் நாம் எழுத வேண்டும். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். உங்களிற் சிலருக்கு அந்தப் பக்கம் உறவினர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மின்கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்ற பின்னரும், கீழே பல லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. வாங்குவோர் யார் என்று கணக்கிட்டவர்கள் லயத்தை அந்தக் கணக்கிற் சேர்க்கவில்லை. பரீட்சையில் இதை எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக எழுதலாம், பயன்களோடு சேர்த்து எழுதுங்கள்.

தனி மனிதர் செய்த இவ்வேலையைப் பின்னர் நிறுவனங்கள் பொறுப்பேற்றன. 1956 இல் தேசியத் திட்டமிடற் சபை அமைக்கப்பட்டு, 1959 இல் பத்தாண்டுத் திட்டம் வெளியாகியது. 1969 இல் அமைக்கப்பட்ட இலங்கை மின்சார சபை, பிற்காலத்தில் அடுத்த 20 ஆண்டுகளுக்கான மின்பிறப்பாக்கத் திட்டத்தைத் தயாரித்து, அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வந்தது. 20 ஆண்டுத் திட்டத்தை ஏன் இரண்டு ஆண்டில் திருத்த வேண்டும்? மழை மாறும், எண்ணெய் விலை மாறும், மக்களின் தேவையும் மாறும். திட்டம் போடுபவரே அதை அங்கீகரிக்கக் கூடாது என்பதால், 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்ற தனி நிறுவனமும் உருவாக்கப்பட்டது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பாறை ஏமாற்றுவதுண்டு. பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையில் 120 மெகாவாற்றுச் சமனலவெவ திட்டம் 1992 இல் நிறைவடைந்தது. அதே ஆண்டில் வலது கரையினூடாக நீர் கசிந்து பீறிட்டது. சுண்ணாம்புக்கல் நிறைந்த தரை என்பதே காரணம். கசிவை முற்றாக அடைக்க முடியவில்லை. எனினும் அந்நீர் கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கின்றது. எந்தத் திட்டமும் இப்படி ஒரு பயனை முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை!

மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதும் ஆண்டுகளை மீண்டும் பாருங்கள்: ஆய்வுரை 1918, அரசாங்க சபை 1931, லக்சபான 1950, விமலசுரேந்திர மின்நிலையம் 1965. அவருடைய பெயரிலுள்ள நிலையம் அவர் கனவு கண்ட முதல் நிலையம் அன்று. அது அவர் மறைந்து 12 ஆண்டுகளின் பின் வந்தது. பெயரை “விமலசுரேந்திர” என்று எழுதுக. “விமலசுந்தர” என்று எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.