முதுகுச் சுமையும் வழித்துணையும்: யுவான் சுவாங் அடிகள் வரலாறு

மும்மணிகளைச் சரணடைந்த நாள்முதல் உறவினர் சிலர் நம் இல்லங்களின் வாசற்படியை மிதிப்பதில்லை. மணவினைக்கு அழைத்தாலும் வருவதில்லை. இப்படித் தனித்து விடப்பட்டோமே, இனி நமக்கு யார் துணை என்று இளைஞர் சிலர் உபோசத நாட்களில் நம்மிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சுத்தங்களை விரித்துரைப்பதினும், ஊரையும் உற்றாரையும் விட்டு, தம் தாய்மொழி வழங்காத நாடுகளில் 16 ஆண்டுகளுக்குக் குறையாமல் அலைந்த ஒரு பிக்குவின் வரலாற்றை எடுத்துச் சொல்வதே நம் வழக்கம். அவர்தாம் சீன நாட்டு யுவான் சுவாங் அடிகள். முதுகில் ஏடுகள் அடுக்கிய மூங்கிற் சட்டமும், தலைக்குமேல் கவிந்த குடையுமாக அவர் நடந்துவரும் படத்தை அன்பர்கள் பலர் கண்டிருப்பர்.

கி.பி. 602-ஆம் ஆண்டளவில் லோயாங் நகரை அடுத்த ஓர் ஊரில், கல்வியிற் சிறந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். முன்னரே துறவு பூண்டிருந்த தமையனார் அவரை விகாரைக்கு அழைத்துச் சென்றார். 622-இல் செங்டு நகரில் முழுத் துறவு பெற்றார். அக்காலச் சீனத்தில் வழங்கிய தம்ம நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆசிரியர்களும் ஆளுக்கொரு பொருள் உரைத்தனர். ஆதலின் ததாகதர் நடந்த நாட்டிற்கே சென்று மூல நூல்களைக் கற்று வருவதென்று உறுதி பூண்டார். ஆனால் குடிமக்கள் எல்லை கடந்து மேற்கே செல்லலாகாது என்பது அரசாணை. உடன்வர இசைந்தவர்கள் பின்வாங்கினர். இவர் ஒருவரே புறப்பட்டார். அவ்வாண்டை 627 என்றும் 629 என்றும் இருவகையாகக் கூறுவர்.

எல்லைப்புறமான குவாசௌ ஊரைவிட்டுப் புறப்படுமுன்பே, இவரைப் பிடித்து நிறுத்துமாறு ஆணையோலை வந்துவிட்டது. அவ்வூர் அதிகாரி லீ சாங் என்பவர் தம்ம நம்பிக்கை உடையவர். ஓலையை அடிகளிடமே காட்டி உண்மையைக் கேட்டறிந்தார். பிறகு அதைக் கிழித்தெறிந்துவிட்டு விரைந்து போய்விடுமாறு வேண்டினார். வேலைக்கும் உயிருக்கும் கேடு வருமென்று அறிந்தே அவர் அதைச் செய்தார். இதுவே அடிகளுக்கு வழியிற் கிடைத்த முதற்பெரு நட்பு.

அடுத்து வந்த நட்போ வேறுவகை. ஷி பான்துவோ என்னும் மத்திய ஆசிய இளைஞர் அடிகளிடம் பஞ்சசீலம் ஏற்று, வழிகாட்டவும் முன்வந்தார். அவர் அழைத்துவந்த முதியவர் ஒருவர், ஹாமி வரையுள்ள பாலைவழியைப் பதினைந்து முறை கடந்த தம் மெலிந்த சிவப்புக் குதிரையை அடிகளுக்குக் கொடுத்தார். இருவரும் இரவில் ஆற்றைக் கடந்து படுத்தனர். நள்ளிரவில் அவ்விளைஞர் கத்தியை உருவிக்கொண்டு அடிகளை நெருங்கினார். சில அடி தூரத்தில் நின்றார். பிறகு திரும்பிச் சென்றார். அடிகள் எழுந்தமர்ந்து சூத்திரம் ஓதி, அவலோகிதேசுவரரை நினைந்தார். மறுநாள், சட்டத்தை மீறினால் தமக்கும் தண்டனை வருமே என்னும் அச்சத்தை இளைஞர் வெளியிட்டார். பிடிபட்டாலும் அவர் பெயரைச் சொல்வதில்லை என்று அடிகள் உறுதியளித்து, ஒரு குதிரையையும் பரிசளித்து வழியனுப்பினார். அச்சத்தால் விலகியவரைப் பகைவராக எண்ணாத இச்செயலை நாம் பன்முறை நினைத்துப் பார்ப்பதுண்டு. நம் உறவினருள்ளும் அச்சத்தால் விலகியவரே மிகுதி.

பாலையின் காவற்கோபுரங்களில் முதலாவதன் அருகே நீர் மொள்ளும்போது அம்பு பாய்ந்து வந்து முழங்காலை உரசிச் சென்றது. எனினும் கோபுரத் தலைவர் வாங் சியாங், வந்தவர் யாரென்று அறிந்ததும் உணவும் நீரும் கொடுத்து, தம் சுற்றத்தார் காவல் புரிந்த நான்காம் கோபுரத்திற்கு வழிகாட்டி அனுப்பினார். அதற்கப்பால் மணல்வெளி. நீர்ப்பை கைநழுவி விழுந்து முழுதும் கொட்டிவிட்டது. சிறிது தூரம் திரும்பி நடந்தவர், இந்தியாவை அடையாமல் கீழ்த்திசை நோக்கி ஓரடியும் வையேன் என்று தாம் கொண்ட விரதத்தை நினைத்து மறுபடியும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீருமில்லை. மயங்கி விழுந்து கிடந்து மீண்டும் எழுந்து செல்கையில், சிவப்புக் குதிரை திடீரென வேறுபக்கம் திரும்பி ஓடிற்று. அங்கே பசும்புல்லும் குளமும் இருந்தன. முதியவரின் நட்பு அவ்வுருவில் உடன்வந்தது எனலாம்.

துர்பான் பகுதியில் இருந்த காவ்சாங் நாட்டு அரசர் சூ வென்தாய் அளவுகடந்த அன்பு காட்டினார். அன்பும் சிறையாவதுண்டு. அடிகள் தம் நாட்டிலேயே தங்க வேண்டும், இல்லையேல் சீனத்திற்கே திருப்பி அனுப்புவேன் என்றார் அரசர். அடிகள் உணவை மறுத்து மூன்று நாள் அசையாது அமர்ந்திருந்தார். நான்காம் நாள் அரசர் மனமுடைந்து மன்னிப்பு வேண்டினார். இருவரும் உடன்பிறப்பாய் வாழ உறுதி பூண்டனர். ஒரு திங்கள் தம்மம் உரைத்த பின், திரும்பும்போது மூன்று ஆண்டுகள் தங்குவதாக வாக்களித்து அடிகள் புறப்பட்டார். 30 குதிரைகள், 25 ஏவலாளர், பொன், வெள்ளிக் காசு, வழியிலுள்ள நாடுகளுக்கு 24 பரிந்துரை மடல்கள் ஆகியவற்றை அரசர் தந்தார். தியான்ஷான் மலையின் பனியில் உடன்வந்தோருள் பத்தில் மூவர் நால்வர் மாண்டனர். சாமர்க்கந்து, பால்க், பாமியான் வழியாக அடிகள் இந்தியாவை அடைந்தார். காசுமீரத்தில் முதுபெரும் பிக்கு ஒருவரிடம் கற்றார்.

பஞ்சாபில் ஒரு காட்டுவழியில் ஐம்பது கள்வர் சூழ்ந்து, ஆடையையும் பறித்துக்கொண்டு, கொல்வதற்காக வற்றிய குளமொன்றுக்கு ஓட்டிச் சென்றனர். கரையிலிருந்த நீர்வழித் துளையில் புகுந்து அடிகளும் இளந்துறவி ஒருவரும் தப்பி ஓடினர். எதிரே ஒருவர் ஏர் உழுதுகொண்டிருந்தார். செய்தி கேட்டதும் எருதுகளை அவிழ்த்துவிட்டு ஊருக்கு ஓடிச் சங்கூதிப் பறையறைந்து எண்பது பேரைத் திரட்டி வந்தார். கள்வர் ஓடிவிட்டனர். ஊரார் தம் ஆடைகளைக் கொடுத்தனர். அவ்வுழவர் பிறப்பால் பிராமணர் என்று சரிதை கூறுகிறது. யார் எவரென்று கேளாமல் ஏரைப் போட்டுவிட்டு ஓடினாரே, அதுவன்றோ நமக்கு வேண்டியது!

நாலந்தாவில் வயது நூறைக் கடந்தவராகச் சொல்லப்படும் சீலபத்திரர் அடிகளை வரவேற்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இவர் வருகையைக் கனவில் அறிந்திருந்ததாகச் சரிதை சொல்லும். அதைக் கொள்வதும் தள்ளுவதும் அன்பர்களின் விருப்பம். ஆனால் அத்தனை முதுமையிலும் யோகாசார பூமி சாத்திரத்தை ஓராண்டுக்கு மேலாக அயல்நாட்டு மாணவருக்கு விளக்கியது போற்றத்தக்கது. அடிகள் அங்கே ஐந்தாண்டுகள் கற்றார். சீலபத்திரரின் ஆசிரியரான தருமபாலர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். எனவே அடிகள் கற்ற கல்விக்குத் தமிழ்நாட்டு வேர் ஒன்றுண்டு. 640-ஆம் ஆண்டளவில் அடிகள் காஞ்சிக்கும் வந்தார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதி வைத்தார். இலங்கைக்குச் செல்ல நினைத்தவர், அந்நாட்டுப் பஞ்சத்திற்கும் குழப்பத்திற்கும் தப்பி வந்த பிக்குகளைக் காஞ்சியிலேயே சந்தித்து, அவர்களோடு உரையாடி, பயணத்தைக் கைவிட்டார்.

காமரூபத்துப் பாஸ்கரவர்மனும் அர்ஷச் சக்கரவர்த்தியும் அவரைப் போட்டியிட்டு அழைத்தனர். 643-இல் கன்னோசியில் நடந்த பேரவையில் பதினெட்டு நாட்கள் அவரை எதிர்த்து வாதிட ஒருவரும் வரவில்லை. அடிகளுக்குத் தீங்கு செய்வோரின் தலையும், பழித்துரைப்போரின் நாவும் வெட்டப்படும் என்று அர்ஷர் அறிவித்திருந்தார். அவ்வெற்றியை நாம் பெரிதாகக் கொள்வதில்லை. வாளின் நிழலில் நடக்கும் வாதம் தம்மத்திற்கு அழகன்று.

நாலந்தாப் பிக்குகள் பிரிய மனமின்றித் தடுத்தபோதும், கற்றதைத் தம் மக்களுக்குக் கொடுக்கவே வந்ததாகச் சொல்லி அடிகள் விடைபெற்றார். சிந்து நதியைக் கடக்கையில் புயலால் படகு தத்தளித்து 50 கட்டுச் சுவடிகள் நீரில் போயின. காவ்சாங் அரசரோ 640-இல் இறந்துவிட்டார், அந்நாடும் சீனத்தின் கைக்குப் போய்விட்டது. மூன்றாண்டு வாக்கை நிறைவேற்ற நண்பர் இல்லை. அடிகள் தென்வழியே கோதான் நாட்டைக் கடந்து 645-இல் சாங்ஆன் நகரை அடைந்தார். கொணர்ந்தவை 657 நூல்கள். சட்டத்தை மீறிச் சென்றவரைப் பேரரசர் தண்டிக்கவில்லை, மொழிபெயர்ப்புக்கு உதவினார். 75 நூல்களை அடிகள் சீனமொழியில் ஆக்கினார்.

652-இல் புத்தகயையிலிருந்து ஒரு பிக்கு கடிதமும் வெண்பருத்தித் துணி இரண்டும் கொண்டுவந்தார். அனுப்பியவர்கள் ஞானப்பிரபரும் பிரக்ஞாதேவரும். பிரக்ஞாதேவர் அடிகளோடு வாதிட்டுத் தோற்றவர். தோல்வியால் நட்பு கெடவில்லை. 654-இல் அடிகள் விடை எழுதினார். சீலபத்திரர் மறைந்த செய்தியைக் கேட்ட துயரத்தைத் தெரிவித்து, ஆற்றில் போன நூல்களின் பட்டியலை இணைத்து, இயன்றால் படியெடுத்து அனுப்புமாறு வேண்டினார். 664-இல் அவர் காலமானார்.

மாணாக்கர் ஹுய்லி அவர் சரிதையை எழுதத் தொடங்கினார், யென்சுங் அதை முடித்தார். ஓலையைக் கிழித்த லீ சாங், நீர் கொடுத்த வாங் சியாங், கத்தியோடு வந்து திரும்பிய ஷி பான்துவோ ஆகியோர் பெயர்களை அதில் இன்றும் காணலாம். குதிரை கொடுத்த முதியவர் பெயரும், பஞ்சாபில் ஏரைப் போட்டுவிட்டு ஓடிய உழவர் பெயரும் அதில் இல்லை.